நரம்பியல் மேற்படிப்பு: கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் முறை

டி.எம். நரம்பியலில் இடம் கிடைத்த கையோடு என்னைப் பார்க்க வரும் இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்தப் புத்தகத்தை முதலில் வாங்க வேண்டும் என்பதைத்தான். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள வார்டில் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். நின்றுகொண்டே கேட்டால் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். உட்கார்ந்து கேட்டால் நோயாளி தன் வீட்டு மாடிப்படியிலிருந்து தொடங்குவார். நோய் நரம்பு மண்டலத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கான விடை பாதிக்குமேல் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, வட சென்னையிலேயே நரம்பியல் மருத்துவராக இருப்பவள். பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும் ஸ்டான்லி இருக்கும் பகுதி இது. துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்கள், காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர்கள், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், எண்ணூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆகியோரிடமிருந்துதான் நான் நரம்பியலைக் கற்றேன். அதனால் இங்கே எழுதுவதும் இந்த ஊர் வழிதான்.

நுழைவு விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்திருக்க வேண்டும், நீட் எஸ்.எஸ். என்ற உயர்சிறப்பு நுழைவுத்தேர்வை எழுத வேண்டும், டி.எம். என்றாலும் அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டமான டி.ஆர்.என்.பி. என்றாலும் மூன்று ஆண்டுகள். தேர்வுக்குத் தயார் செய்ய வழிகாட்டிகள் ஏராளம் இருக்கிறார்கள். இடம் கிடைத்த பிறகு அந்த மூன்று ஆண்டுகளை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் என் அக்கறை.

எங்கே, பிறகு என்ன

எந்த நோயாளியிடமும் இரண்டு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப்பு எங்கே? அது என்ன நோய்? வரிசை மாறக் கூடாது. தெருவில் மின்சாரம் நின்றுபோனால், எந்தெந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்தே கம்பம் எது, டிரான்ஸ்பார்மர் எது என்று லைன்மேன் கண்டுபிடிப்பார். நமக்கும் அதே வேலைதான். மூளைப் புறணி, அதன் அடியில் உள்ள இன்டர்னல் கேப்சூல், மூளைத்தண்டு, சிறுமூளை, தண்டுவடம், நரம்பு வேர், நரம்புப் பின்னல், நரம்பு, நரம்பும் தசையும் சேரும் இடம், தசை. இந்த நிறுத்தங்களை மேலிருந்து கீழே மனத்துக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள்.

வலது கை கால் விழுந்தவர் பேச்சையும் இழந்திருந்தால், முகமும் கையும் காலைவிட அதிகம் பாதிக்கப்பட்டிருந்தால், புறணியை நினையுங்கள். முகம், கை, கால் மூன்றும் ஒரே அளவில் விழுந்து பேச்சில் குழறல் மட்டும் இருந்தால் இன்டர்னல் கேப்சூல். ஒரு பக்கம் முகம், மறுபக்கம் கை கால் என்று குறுக்கே போனால் மூளைத்தண்டு. இரண்டு கால்களும் விறைத்து, வயிற்றில் ஒரு கோட்டுக்குக் கீழே உணர்வு இல்லை, சிறுநீரும் கட்டிக்கொண்டது என்றால் தண்டுவடம். இவை புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால் ஸ்கேன் வருவதற்கு முன் நீங்களே சொல்லி, காகிதத்தில் எழுதி, தேதி போட்டு வைத்தால்தான் அவை உங்களுடையவை ஆகும். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் போகிறவருக்குப் படத்தில் உள்ளது மட்டுமே கையிலும் காலிலும் தெரியும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இரண்டாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் காலத்தில் இருக்கிறது. நொடிகளில் வந்தது என்றால் ரத்தக்குழாய் அல்லது வலிப்பு. நாட்களில் ஏறியது என்றால் அழற்சி, தொற்று, நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைப் பலவீனமாக்கும் கீயான் பாரே போன்றவை. வாரக்கணக்கில் தலைவலியும் காய்ச்சலும் என்றால் காசநோய் மூளைக்காய்ச்சல் நம் ஊரில் முதல் வரிசையில் நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல என்றால் சிதைவு நோய்கள். கீயான் பாரேயில் பலவீனம் நான்கு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். எட்டு வாரம் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் அது நாட்பட்ட வகை, மருத்துவமும் வேறு. முதல் வாரத்தில் முதுகுத்தண்டு நீரில் புரதம் இயல்பாகவே இருக்கலாம். அறிக்கை நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

செருப்பு, குடம், சாதம்

கதை கேட்கும்போது நோயின் பெயரைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். இந்த ஊரில் உடல் செய்யும் வேலைகளே நமக்குச் சோதனைக் கருவி. பஸ் படி ஏற முடிகிறதா, கழிப்பறையில் குந்தி எழும்போது எதையாவது பிடித்துக்கொள்கிறாரா என்பது தொடையையும் இடுப்பையும் பற்றிய கேள்வி. தண்ணீர் லாரியிலிருந்து பிடித்த குடத்தைத் தலைக்கு ஏற்ற முடிகிறதா, கொடியில் துணி காயப்போட முடிகிறதா என்பது தோளைப் பற்றியது. சாதம் பிசைந்து கவளம் உருட்ட முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்பது விரல்களைப் பற்றியது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருகிறதா என்று கேட்டால் அண்ணத்தின் நிலை தெரியும். வாய் கொப்பளிக்கும்போது ஒரு பக்கம் வழிகிறது என்பார் முகவாதக்காரர்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி செருப்பைப் பற்றியது. நரம்பு நோயாளிகளில் நிறையப் பேருக்கு நடக்கும்போது செருப்பு கழன்று போகும். அதோடு நிறுத்திவிடாமல், “கழன்றது உங்களுக்குத் தெரிந்ததா அம்மா?” என்று கேளுங்கள். கழல்வது தெரிகிறது, விரலால் பிடிக்க முடியவில்லை என்றால் பாதத்தில் பலம் குறைந்திருக்கிறது, அல்லது கால் விறைத்திருக்கிறது. “நான் பாட்டுக்கு நடந்துவிட்டேன், பின்னால் வந்த பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தான்” என்றால் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தியே மூளைக்குப் போகவில்லை. தண்டுவடத்தின் பின்பகுதியோ, தடித்த இழைகளைக் கொண்ட நரம்புகளோ பழுதாகியிருக்கின்றன. உடனே அடுத்த கேள்வி: கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது தள்ளாடுகிறதா? இருட்டில் நடப்பது கஷ்டமா? ஆமாம் என்றால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், அதிர்வு தெரிகிறதா என்று 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைக் கணுக்காலில் வையுங்கள், பிறகு கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்க வைக்கும் ராம்பெர்க் சோதனை. சுத்தியலால் தட்டினால் வர வேண்டிய கணுக்கால் துள்ளல் (ரிஃப்ளெக்ஸ்) இல்லை, ஆனால் உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே போகிறது என்று இரண்டும் ஒன்றாக வந்தால் பி12 குறைபாட்டை அன்றைக்கே தேடுங்கள். ஊசியில் சரியாகிற நோயைத் தாமதத்தால் நிரந்தரமாக்கும் பாவம் வேண்டாம்.

மாலையில் கண் இமை விழுகிறது, சாப்பாட்டின் பாதியில் மெல்ல முடியாமல் தாடை சோர்கிறது, காலையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நரம்பும் தசையும் சேரும் இடத்து நோயான மயஸ்தீனியா. ஐஸுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. கையுறைக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டு, மூடிய இமையின் மேல் 2 நிமிடம் வையுங்கள். இமை 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உயர்ந்தால் சோதனை சாதகம். அதே நோயாளியை ஒரே மூச்சில் உரக்க எண்ணச் சொல்லுங்கள். நேற்று 25 வரை போனவர் இன்று 15-இல் நிற்கிறார் என்றால் மூச்சுத் தசைகள் சோர்கின்றன, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இப்போதே பேசுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கடைசிவரை நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கீயான் பாரேக்கும் இது பொருந்தும்.

ஒரு கையை எப்படிப் பார்ப்பது

காசிமேட்டில் வலை பழுதுபார்க்கும் ஒருவர் வந்து, ஊசி கையில் நிற்கவில்லை என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி, தொடுவதற்கு முன் கொஞ்சநேரம் சும்மா பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை பள்ளமாகியிருக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருக்கின்றன. ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுங்கள். கட்டைவிரல் நுனி மடங்கினால் ஃப்ரோமென்ட் அடையாளம். முழங்கைக்குப் பின்னால் ஓடிச் சுண்டுவிரல் பக்கம் வரும் அல்னார் நரம்பின் தசைகள் பலவீனம் என்று தெரிந்துவிட்டது.

இங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். அந்தத் தசைகளுக்கான இழைகள் எல்லாம் கழுத்தடியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் சி8, டி1 என்ற நரம்பு வேர்களிலிருந்து வருகின்றன. ஆக, நரம்பா வேரா? உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். அந்தத் தசைக்கான இழைகள் அதே வேர்களிலிருந்து கிளம்பினாலும், கையின் நடுவே ஓடும் மீடியன் என்ற வேறு நரம்பின் வழியாக வருபவை. அது பலமாக இருந்தால் வேர் தப்பித்தது, குற்றவாளி அல்னார். அடுத்து உணர்வு: மோதிரவிரலின் ஒரு பாதி மரத்து, மறுபாதி நன்றாக இருந்து, மணிக்கட்டுக்கு மேலே உணர்வு தெளிவாக இருந்தால் அல்னார். முன்கையின் உட்பக்கமும் சேர்ந்து மரத்திருந்தால் மேலே போய்த் தேடுங்கள்.

அல்னார் என்று முடிவானதும் முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பாருங்கள். தடித்திருக்கிறதா, வலிக்கிறதா? தலையை ஒரு பக்கம் திருப்பச் சொல்லி, கழுத்துத் தசையின் மேல் குறுக்கே ஓடும் நரம்பு கயிறு போல எழுந்து நிற்கிறதா? சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பாருங்கள். நிறம் வெளுத்த, தொட்டால் தெரியாத ஒரு படை இருக்கிறதா? தொழுநோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. குளிர்ந்த இடங்களை நாடும் கிருமி அது. தோலோரம் ஓடும் நரம்புகளைத் தின்னும், ஆழமான ரிஃப்ளெக்ஸ்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். கூட்டு மருந்து இலவசம். முதுகைப் பார்க்காமல் நரம்பு அறுவைச் சிகிச்சைக்குச் சீட்டு எழுதியதை நான் பார்த்திருக்கிறேன், ஆகவேதான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

வந்தவர் இருபது வயதுப் பையன், உணர்வில் குறையே இல்லை, குளிரில் விரல் இன்னும் மோசமாகிறது என்றால் கதையே வேறு. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் நசுங்கிக் கை மெலியும் ஹிராயாமா நோயாக இருக்கலாம். கழுத்தைக் குனிய வைத்து எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று படிவத்தில் நீங்களே எழுதாவிட்டால், நேராக வைத்து எடுத்துவிட்டு இயல்பு என்று அனுப்பிவிடுவார்கள். கை மெலிவோடு முகமும் நாக்கும் பலவீனமாகி, காதும் மந்தமாகிவிட்ட இளைஞரைப் பார்த்தால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகிற, நம் ஊர்ப் பெயர் தாங்கிய மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோயை நினையுங்கள். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் இதைப் பதிவு செய்தார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பு அறுவைச் சிகிச்சைக்குத் தொடக்கம் போட்ட அதே ராமமூர்த்திதான். படுக்கைப் பக்கத்தில் கவனமாகப் பார்த்தவர்களால்தான் அப்படி ஒரு நோய் தனியே தெரிந்தது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

பையும் மொழியும்

நீளப் பிடியுள்ள நல்ல சுத்தியல் ஒன்று, 128 மற்றும் 512 ஹெர்ட்ஸ் ஃபோர்க்குகள், பஞ்சு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குச்சிகள், சிவப்புத் தலை ஊசி, கண்ணுக்குள் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப், சின்னக் குப்பியில் காபித்தூள். முகர்வுச் சோதனைக்குக் கற்பூரம் வேண்டாம், அது மூக்கை உறுத்தி வேறொரு நரம்பின் வழியாகவே தெரிந்துவிடும். ஆப்தல்மாஸ்கோப்பைத் தினமும் எடுத்துப் பாருங்கள். இயல்பான கண்களை நிறையப் பார்த்தவருக்குத்தான் வீங்கிய பார்வைத்தட்டு, அதாவது கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு தொடங்கும் இடம், சட்டென்று தெரியும். பிரசவமாகிச் சில நாட்களில் தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வருகிற பெண்ணிடம் அந்த வீக்கத்தைக் கண்டால் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றிரவே சிரைப்படம் எடுக்கச் சொல்வீர்கள்.

மொழி விஷயத்தில் வட சென்னைக்கு ஒரு தனி எச்சரிக்கை. ராயபுரம், மண்ணடி, சௌகார்பேட்டை, தண்டையார்பேட்டை என்று சுற்றினால் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் வீட்டு மொழிகள். பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சு போயிற்றா என்று பார்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று முதலில் கேளுங்கள். உறவினரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர் சொல்வது, புரிந்துகொள்வது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பள்ளிக்குப் போகாத ஒரு மீன்கார அம்மாவிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, மறதி நோய் என்று எழுதுவது அநியாயம். கிலோ 320 ரூபாய் மீன் முக்கால் கிலோவுக்கு 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். மனக்கணக்கில் நம்மை முந்திவிடுவார். ஒருகாலத்தில் முந்தியவர் இப்போது திணறுகிறார் என்று மகள் சொன்னால் அதுதான் செய்தி.

பக்கவாத இரவு

இரவுப் பணியில் பக்கவாதம் வந்தால் முதல் கேள்வி, கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதுதான். விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் நமக்கு உதவாது. கடிகாரம் பார்த்துச் சொல்லும் குடும்பங்கள் குறைவு. தண்ணீர் லாரி வந்தபோது பேசினாரா, எந்த சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, இரவுத் தொழுகைக்குப் போய் வந்தாரா, யாருக்காவது போன் செய்தாரா என்று கேளுங்கள். செல்போனில் கடைசி அழைப்பின் நேரம் இருக்கும். சர்க்கரை அளவு பார்த்து, சி.டி.யில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்து, ரத்த அழுத்தத்தை 185/110-க்குக் கீழே கொண்டுவந்து, தடைகள் எதுவும் இல்லையென்றால் 4.5 மணி நேரத்துக்குள் உறைவு கரைப்பான். ஆல்டிபிளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90; அதில் பத்தில் ஒரு பங்கை உடனே, மீதியை ஒரு மணி நேரத்தில். டெனெக்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25, ஒரே ஊசியாக. பெரிய குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட உறைவை இழுத்து எடுக்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே நேரம் தாண்டிவிட்டது என்று கைவிரிக்கும் முன் ரத்தக்குழாய்ப் படத்தைப் பாருங்கள்.

தலைசுற்றல் என்று வந்தவரைக் கட்டிலில் மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள், எழுந்து நடக்க வையுங்கள். பக்கவாத மதிப்பெண் அட்டவணையில் பூஜ்யம் வாங்கிய சிறுமூளைப் பக்கவாதக்காரர்கள் உண்டு.

ஆய்வகம், தேர்வு, தொலைபேசி

நரம்பு மின்சோதனையைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடாமல் நீங்களே செய்யுங்கள். ஏ.சி. அறையில் கை குளிர்ந்தால் வேகம் குறைந்து காட்டும். 32 டிகிரிக்குக் குறையாமல் சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள். நரம்பு அறுந்த மூன்றாம் நாளில் தசைக்குள் மின்பதிவு ஊசியைச் செருகினால் தசை நரம்பை இழந்த அடையாளம் தெரியாது, இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். மூளையின் மின்பதிவான ஈ.ஈ.ஜி.யில் முதல் ஆறு மாதம் இயல்பான பதிவுகளையே படியுங்கள். இயல்பான ஈ.ஈ.ஜி. வலிப்பு நோயை மறுப்பதில்லை. வீட்டார் செல்போனில் எடுத்த வீடியோ பல சமயம் அதைவிட அதிகம் சொல்லும்.

புத்தகம் பற்றிக் கேட்டீர்களே, இன்று பார்த்த நோயாளியின் அத்தியாயத்தை இன்று இரவே படியுங்கள், அவ்வளவுதான். முகம் ஒன்றோடு ஒட்டிக்கொண்ட பாடம் மறக்காது. இறுதித் தேர்வில் நீண்ட கேஸைச் சொல்லும்போது கண்டறிந்ததை எல்லாம் அடுக்காமல், எங்கே என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள நிறுத்தங்களை ஏன் ஒதுக்கினீர்கள் என்று நோயாளியின் உடலிலிருந்தே காரணம் காட்டுங்கள். இதை ஒவ்வொரு வாரமும் சக மாணவர் ஒருவரிடம் உரக்கச் சொல்லிப் பழகினால் போதும்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம். ஸ்கேனுக்கு முன் நீங்கள் சொன்ன இடம், ஸ்கேன் சொன்ன இடம், ஆறு மாதம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று மூன்று பத்திகள். ஆறு மாதம் கழித்து நோயாளியின் செல்போன் எண்ணை அழைத்தால் வேறு யாரோ எடுப்பார்கள், சிம் மாறியிருக்கும்; அதனால் பக்கத்து வீட்டு எண்ணையோ, தெருமுனைக் கடை எண்ணையோ சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்பு நோயாளி என்றால், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று அந்த அழைப்பிலேயே கேளுங்கள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று திடீரென நிறுத்தியவர்கள்தான் நிற்காத வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள் என்று வீட்டில் யார் போனை எடுத்தாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.